டப்பாவில் இல்லாத போன்

கண்ணாடிக் கடையின் தலைமை அலுவலகத்தில் அவளுக்குப் பெட்டிக்காரி என்று பெயர். கடையின் இணையப் பக்கத்தில் பெயர் எழுதும் பெட்டி, விலாசம் எழுதும் பெட்டி, கண் பவரைப் போடும் பெட்டி எல்லாம் அவள் கைவேலை. அந்தப் பெயரை வைத்தவர் முதலாளியின் மாப்பிள்ளை. கேலிக்காகத்தான் வைத்தார். கேலி செய்யவும் கொஞ்சம் சரக்கு வேண்டும், அந்த மனிதரிடம் அது இல்லை என்று நினைத்துக்கொண்டு அவள் அதைப் பட்டம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு யாரைப் பற்றியும் நல்ல அபிப்பிராயம் கிடையாது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். மாப்பிள்ளை மாமனார் தயவில் நாற்காலி பிடித்தவர். வடிவமைப்புப் பையன்கள் நிறம் தீட்டத் தெரிந்தவர்கள், அவ்வளவுதான். போன் தயாரிக்கிற கம்பெனிக்காரர்களோ ஒருவன் செய்வதை இன்னொருவன் செய்தால் மானம் போய்விடும் என்று நினைக்கிறவர்கள். வாடிக்கையாளர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

எண் பெட்டி மேல் மட்டும் அவளுக்கு ஒரு மரியாதை இருந்தது. பெயர்ப் பெட்டியில் எவன் வேண்டுமானாலும் எதையாவது எழுதிவிட்டுப் போகலாம். எண் பெட்டி அப்படி விடாது. கம்ப்யூட்டரில் ஓரத்தில் இரண்டு குட்டி அம்புகள் காட்டும், போனில் காட்டாது. ஒரு போனில் புள்ளி வரும், இன்னொன்றில் கமாதான் வரும். கமா போட்டால் சில இடங்களில் உள்ளே இருப்பது மொத்தமும் சத்தமில்லாமல் காலியாகிவிடும். பவரோ கால் காலாக ஏறும், முன்னால் கூட்டல் அல்லது கழித்தல் குறி வேண்டும். கிட்டப்பார்வைக்கு மைனஸ், எழுத்துப் படிக்கிற கண்ணாடிக்குப் பிளஸ். குறியே போடாவிட்டால் பிளஸ் என்றுதான் கணக்கு. குறி மாறினால் கண்ணாடி மாறியது. லென்ஸ் அறுக்கும் பிரிவில் இருப்பவர்கள் வந்த எண்ணை அறுப்பார்கள். ஏன், எதற்கு என்று கேட்டால் கத்தி மழுங்கிவிடும் போல.

இந்த எண் பெட்டியை ஒழுங்காக நடக்க வைப்பதற்காக அவள் வீட்டில் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா வைத்திருந்தாள். அது நிறையப் பழைய போன்கள். சொந்தத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் காப்பித் தம்ளரைக் கீழே வைப்பதற்கு முன்னால், "சித்தி, உடைஞ்ச போன் ஏதாவது கிடக்கா?" என்று கேட்டுவிடுவாள்.

"வந்துட்டாடி பழைய இரும்பு வாங்கறவ," என்று சித்தி உள்ளே குரல் கொடுப்பாள். ஆனால் போனும் வந்துவிடும். திரையில் கீறல் விழுந்தது, பின்மூடி இல்லாமல் ரப்பர் போட்டுக் கட்டியது, சார்ஜ் வயரைச் சாய்த்துப் பிடித்தால்தான் உயிர் வருவது என்று எல்லாம் அந்த டப்பாவில் உண்டு. இணையப் பக்கத்தில் எதை மாற்றினாலும் அவற்றைச் சமையல் மேடையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அலுவலகத்துக்கு அனுப்புவாள். "நம்ம வீட்டுல சட்னி அரைக்க இடமில்ல, ஆனா போன் எல்லாம் வரிசையா உக்காந்திருக்கு," என்பான் கணவன். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் சாது. அவனைப் பற்றியும் அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. இருந்தாலும் அவன் அவளுடைய ஆள்.

மாப்பிள்ளை ஒருநாள் அவள் மேஜைக்கு வந்து நின்றார்.

"ஏம்மா, ஒரு போன்ல பெரிய நம்பர் பலகை வருது, இன்னொரு போன்ல ஏபிசிடி வருது. எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருந்தா என்ன?"

அதையே அவளும் ரொம்ப நாளாக நினைத்திருந்தாள். அவர் சொல்லிவிட்டாரே என்பதற்காகச் செய்யாமல் இருக்க முடியுமா? பெரிய எண் பலகையைக் கொண்டு வா என்று போனைக் கேட்கும் ஒரு வரியைச் சேர்த்தாள். டப்பாவைத் திறந்தாள். ஒவ்வொரு போனிலும் பலகை பளிச்சென்று வந்தது. புள்ளி இருந்தது, மைனஸ் இருந்தது. அனுப்பிவிட்டாள்.

அதன்பிறகு கண்ணாடிகள் திரும்பி வர ஆரம்பித்தன. அட்டைப் பெட்டிகளை வேறு இடமில்லை என்று அவள் இருக்கைக்குப் பின்னாலேயே அடுக்கினார்கள். கடைக்கு வரும் போனை எடுக்கும் பெண் வந்து வந்து சொன்னாள். "அக்கா, ஒருத்தர் படிக்கட்டே தெரியலைங்கறார். இன்னொரு அம்மா, என்னைக் குருடாக்கப் பாத்தீங்களான்னு அழுவுது. எல்லாருக்கும் டாக்டர் மைனஸ்தான் எழுதிக் குடுத்திருக்கார். நமக்கு வந்தது பிளஸ்."

"குறி போடத் தெரியாதவங்களுக்கு நான் என்ன பண்றது? பெட்டிக்குப் பக்கத்துலயே எழுதியிருக்கு, குறியோட போடவும்னு. கண்ணு தெரியாதவங்கதான் கண்ணாடி வாங்க வராங்க. அதையும் படிக்காம போட்டா?"

மாப்பிள்ளையும் வந்தார், ஒரு கையில் கார் சாவி, ஒரு காதில் யாரோடோ பேச்சு. "என் போன்ல மைனஸே வரமாட்டேங்குதும்மா."

"கீழ் வரிசையில இருக்கும் சார், பாருங்க," என்றாள் திரும்பாமல். முன்பு ஒரு தடவை, பக்கமே செத்துப்போச்சு என்று ஊரைக் கூட்டியவர் அவர். போய்ப் பார்த்தால் போனில் இணையத்தையே அணைத்து வைத்திருந்தார். அந்தக் கணக்கில் இதையும் சேர்த்துவிட்டாள்.

முதலாளி கத்துகிற ஆள் இல்லை. கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். "இந்த மாசம் முடியறவரைக்கும் பாப்போம்மா. திரும்பி வர்றது குறையலைன்னா பவர் போடற பக்கத்தை மூடிடலாம். ஆளு நேர்ல வந்து வாங்கட்டும். உன்னை ஒண்ணும் வீட்டுக்கு அனுப்பல. தள்ளுபடி விளம்பரத்தப் பாத்துக்க."

தள்ளுபடி விளம்பரம் என்றால் சிவப்புப் பட்டையில் 'அள்ளிச் செல்லுங்கள்' என்று எழுதுவது. முதல் பெட்டியிலிருந்து அவள் கையாலேயே கட்டிய பக்கம். அது போனால் அவள் பட்டை எழுதுகிறவள். வீட்டுக்கு வந்து அவள் பாத்திரம் தேய்த்த சத்தத்திலேயே கணவனுக்கு விஷயம் புரிந்தது. எழுந்து வந்து, தேய்த்ததைத் துடைத்து அடுக்கினான்.

வாயைத் திறந்தது மாமியார். தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் எண் போட்டு ஓய்வு பெற்றவர். ஒரு எண் தப்பினால் மெமோ என்ற காலத்தில் மெமோவே வாங்காதவர் என்பதை, கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வார். விடுமுறை நாளில் சாப்பாட்டு மேஜை மேல் புதுக் கண்ணாடி ஒன்றைத் தொப்பென்று வைத்தார்.

"உங்க கடைக் கண்ணாடிதான். நானே போன்ல வாங்கினேன். போட்டா எதிர்ல இருக்கிற சுவரே காணாமப் போகுது."

"நீங்களா வாங்கினீங்க? எங்கிட்ட சொல்லக் கூடாதா அத்தை?"

"எதுக்குச் சொல்லணும்? நீ மட்டும்தான் பொத்தான் அமுக்குவியா? மருமக வேலை செய்யற கடையாச்சேன்னு வாங்கினேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும்."

கண்ணாடியை எடுத்து மேஜையில் கிடந்த செய்தித்தாள் மேல் பிடித்துப் பார்த்தாள். எழுத்துகள் பெரிதாகத் தெரிந்தன. பிளஸ். மாமியாருக்கோ டிவி பார்க்க மைனஸ் மூன்றரை.

"குறி போடலை நீங்க."

"எங்க போடறது?"

"எங்க போடறதா? எக்ஸ்சேஞ்சுல இத்தனை வருஷம் இருந்தவங்க, ஒரு மைனஸ் போடத் தெரியலைன்னா எப்படி அத்தை? என் கண் முன்னாடி போட்டுக் காட்டுங்க."

மாமியார் போனை எடுத்தார். வெளிநாட்டில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பிய விலை உயர்ந்த போன். மேலே ஒரு உறை, அதற்கு மேலே ஒரு உறை. பெட்டிக்காரி கையைக் கட்டிக்கொண்டு அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள், தப்பு நடக்கிற இடத்தில் கபக்கென்று பிடித்துவிடும் ஆசையில். மாமியார் நிதானமாகப் பவர் பெட்டியைத் தொட்டார். பலகை எழும்பி வந்தது. பெரிய பெரிய எண்கள். ஒரு புள்ளி. ஒரு அழிக்கும் பொத்தான்.

மைனஸ் இல்லை.

"எங்க போடணும்னு காட்டு, நான் போடறேன்," என்றார் மாமியார்.

அவள் போனைப் பிடுங்கினாள். பலகையை மூடித் திறந்தாள். புள்ளியை அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். பக்கத்தையே மறுபடி கொண்டுவந்து பார்த்தாள். கீழ் வரிசையில் இல்லை, மேல் வரிசையில் இல்லை, எங்கேயும் இல்லை.

"இல்லையே! அப்பவே என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"நீதான் வேணாம்னு எடுத்துட்டேன்னு நினைச்சேன். நீ பண்ணினா அதுல ஏதாவது அர்த்தம் இருக்கும்னு இருந்துட்டேன்." அதில் இருந்தது பாராட்டா திட்டா என்று மாமியார் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

கணவன் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தான். "உன் டப்பாவில இந்த மாதிரி போன் ஒண்ணாவது இருக்கா?"

அவள் டப்பாவைத் திறந்து மேஜை மேலேயே கொட்டினாள். ஒன்றுகூட இல்லை. இருக்கவும் இருக்காது. விலை உயர்ந்த போனை யார் அக்கா மகளுக்குத் தூக்கிக் கொடுப்பார்கள்? கடையில் கொடுத்துப் புதிது மாற்றுவார்கள், இல்லாவிட்டால் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். அவளுக்கு வந்ததெல்லாம் வேண்டாதது. உலகத்துப் போன் எல்லாம் தன் டப்பாவுக்குள் இருக்கிறது என்று, சொந்தக்காரர்கள் தூக்கிப் போட்டதை வைத்துக்கொண்டு அவள் நினைத்திருந்தாள். அந்தப் பலகையை வரவழைத்த வரியையும் அவளேதான் எழுதியிருந்தாள்.

அதைவிடக் கசந்தது இன்னொன்று. மாப்பிள்ளையின் கையில் இருப்பதும் இதே போன்தான். அந்த மனிதர் வாழ்க்கையில் ஒரு தடவை சரியாகச் சொல்லியிருக்கிறார், அந்தத் தடவை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலத்துக்குள் பெட்டியைத் திருத்திவிட்டாள். எண் பெட்டி என்ற பெயரையே எடுத்தாள். இனி அது சாதாரண எழுத்துப் பெட்டி, எண் பலகையை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும். கமா போட்டால் தானே புள்ளியாக்கிக்கொள்ளும். முன்னால் பிளஸ், மைனஸ் என்று பெருவிரல் அகலத்துக்கு இரண்டு பொத்தான்கள். ஒன்றை அழுத்தாதவரை பெட்டி திறக்காது. டப்பாப் போன்களிலும் மாமியார் போனிலும் ஒரே மாதிரி நடந்தது. சொல்லாமல் கொள்ளாமல் ஏற்றிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் பக்கத்தில் புதிதாகப் பொத்தான் வைக்க மாப்பிள்ளை சம்மதம் வேண்டும். மாதமோ முடியப் போகிறது.

மறுநாள் அவர் அறைக்குப் போய் நின்றாள்.

"சார், உங்க போன்ல மைனஸ் வரலைன்னு சொன்னீங்கல்ல."

"ஆமா, கீழ் வரிசையில இருக்கும்னியே."

"இல்ல சார். வராது. தப்பு என்னுது. நான் பார்க்காமச் சொல்லிட்டேன்."

அவர் அதை எப்படி ரசித்தார் என்பதை விவரிக்க வேண்டாம். மத்தியானத்துக்குள் கணக்குப் பிரிவு, லென்ஸ் பிரிவு, வாசல் காவலாளி வரைக்கும் "நான் அப்பவே சொன்னேன்" போய்ச் சேர்ந்தது. பொத்தானைக் கொஞ்சம் உருண்டையாகப் போடச் சொன்னார், அது மட்டும்தான் அவர் பங்கு. உருண்டையாகவே போட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் போட்டாள், ஆனால் போட்டாள்.

மாதம் முடிந்தது. அவள் இருக்கைக்குப் பின்னால் அட்டைப் பெட்டி உயரவில்லை. முதலாளி கூப்பிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் கூப்பிடாவிட்டால் பக்கம் பிழைத்தது என்று அர்த்தம்.

மாமியாருக்கும் சரியான கண்ணாடி வந்தது. மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், பிறகு மருமகளை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்பத்தான் உன் மூஞ்சி சரியாத் தெரியுது. முன்னாடி வந்த கண்ணாடியே தேவலாம் போல."

"சரி அத்தை. போனைக் குடுங்க, வயசு போடற பெட்டியை மாத்தியிருக்கேன். பாக்கணும்."

"டப்பால போட மாட்டியே?"

"மாட்டேன்."

"கையைக் கழுவிட்டு வா," என்றார் மாமியார். "அப்புறம், தட்டறது நான்தான். நீ பின்னால நின்னு பாரு."

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து பின்னால் நின்றாள்.