எந்தப் பூட் கிழிந்தது

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் காரிலிருந்து வந்த சத்தத்துக்குக் காரணம் என் காலில் கிடந்த ஷூதான் என்று ஒரு நாள் முழுக்க நம்பியவன் நான்.

நம்பியதற்கு நியாயம் இருந்தது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. பூட் என்றால் காலில் மாட்டுவது; ஒரு தையல் விலகியிருந்தாலும் எடுத்து ஓரமாகப் போட்டுவிடுவேன். இருபது வருஷமாக அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை சத்தம் தொடங்கியது. நேராகப் போனால் கார் சாது. வலப்பக்கம் முழுதாக ஒடித்தால் மட்டும் அடியிலிருந்து 'டக் டக் டக்'. வேறு வாரமாக இருந்தால் பாட்டைச் சத்தமாக வைத்துச் சமாளித்திருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அரக்கோணத்தில் என் மகளுக்கு வளைகாப்பு. அது முடிந்ததும் ஒன்பது மாத வயிற்றோடு அவளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். "மாமா, நான் வண்டி வெச்சு அனுப்பறேனே" என்று மாப்பிள்ளை சொன்னபோது, "எங்கூட்டுப் பொண்ணு எங்க வண்டியிலதான் வருவா" என்று நெஞ்சை நிமிர்த்தியிருந்தேன். இப்போது கண்ணை மூடினால் முன்சக்கரம் கழன்று எங்களுக்கு முன்னால் உருண்டு போனது. அது எங்களுக்கு முன்பே வீடு சேர்ந்து, பக்கத்து வீட்டு அம்மா அதற்கு ஆரத்தி எடுப்பது வரைக்கும் பார்த்துவிட்டேன்.

பைபாஸ் ஓரம் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், திருப்பும்போது டக் டக்குனுது."

"மொதல்ல பூட் கிழிஞ்சிருக்கா பாருங்க சார்."

குனிந்தேன். என் வலது ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆம்பூருக்கு ஒரு கோடியில் உட்கார்ந்துகொண்டு என் காலைப் பார்க்கிறாரே மனுஷன்!

"ஆமா பாய்! கிழிஞ்சிருக்கு!"

"அப்ப அதான். மாத்திடுங்க. ஜாஸ்தி நாள் வுட்டா பேஜார்."

யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தியது. திருப்பும்போது பிரேக்கை மிதிக்கிறோம், பிளந்த அடிப்பாகம் பெடலில் அடிக்கிறது, டக் டக். சாயங்காலமே புது ஷூ வாங்கினேன். சத்தம் அப்படியே இருந்தது. புதுசு அல்லவா, பழகட்டும் என்று விட்டேன். சனிக்கிழமை காலை அதையும் கழற்றிவிட்டு வண்டியை எடுக்கப் போனேன்.

"இன்னாங்க இது வெறுங்கால்ல? தீ மிதிக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"வண்டிய டெஸ்ட் பண்றேன்."

"யாரு யார டெஸ்ட் பண்றதுன்னு தெரியல."

வெறுங்காலிலும் டக் டக். அப்படியே நேராக ஷெட்டுக்குப் போய் இறங்கினேன்.

"பூட் மாத்திட்டீங்களா சார்?"

"புதுசே வாங்கிட்டேன் பாய். இப்ப அதையும் கழட்டிட்டு ஓட்டிட்டு வர்றேன். அப்பவும் சத்தம்."

பாய் என் காலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார். பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "சார்... நான் வண்டியோட பூட் சொன்னேன் சார்!"

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஷெட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் என்னை வட்டமடிக்கச் சொன்னார். நடுவில் குந்தி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வலப்பக்கம் மூன்று சுற்று, இடப்பக்கம் இரண்டு. எழுந்து வந்து இடது முன்சக்கரத்தைத் தட்டினார். "இங்க."

"பாய், சத்தம் ரைட்ல திரும்புனாத்தானே வருது?"

"ரைட்ல திரும்புனா பாரம் லெஃப்ட்டுல ஏறும் சார். வலி ஒரு பக்கம், திரும்பறது ஒரு பக்கம்."

சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே, மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர் உறை. அதுதான் பூட். கிழிந்து தொங்கியது. கிரீஸ் சிதறிச் சக்கரத்தின் உட்புறமெல்லாம் அப்பியிருந்தது. உறைக்குள் இருந்த, முழங்கால் மூட்டு மாதிரி மடங்குகிற இரும்பு மூட்டு ஒன்றைத் துடைத்துக் காட்டினார்: ஆறு குண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளம், பள்ளத்தில் மண் அரித்த தழும்பு.

புது மூட்டு ஒன்றை என் கையில் கொடுத்து, "மடக்கிச் சுத்துங்க" என்றார். ஒரு முனையை மடக்கிப் பிடித்துச் சுற்றினேன். மறுமுனையும் கூடவே சுற்றியது. இன்னும் மடக்கினேன். பிந்தவும் இல்லை, முந்தவும் இல்லை. என் பெண்ணைச் சுமக்கும் சக்கரம் திரும்பவும் வேண்டும், திரும்பிக்கொண்டே உருளவும் வேண்டும். இந்த இரண்டையும் ஆறு குண்டுகள் இத்தனை வருஷமாக எனக்குச் சொல்லாமலே செய்துகொண்டிருந்திருக்கின்றன. மேலே மண் புகாமல் ஒரு பூட். கணுக்கால் மடங்க வேண்டும், சேறு உள்ளே போகக் கூடாது. கம்பெனியில் நான் பார்க்கிற அதே வேலைதான். கையிலிருந்ததைக் கீழே வைக்காமல் மடக்கி மடக்கிச் சுற்றிக்கொண்டே இருந்தேன். அதைப் பார்த்துப் பாய் பயந்துவிட்டார். "சார், ஒடம்பு நல்லாத்தானே இருக்கு?"

மகள் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. இடது பக்கம் புது மூட்டும் புது உறையும் மாட்டியதோடு விடாமல், வலது பக்கத்துப் பூட்டின் ஒவ்வொரு மடிப்பையும் விரலால் பிரித்துப் பார்த்தார். பிறகு அவர் ஓட்ட, நான் நடுவில் குந்திக் கண்ணை மூடிக்கொண்டேன். சரளைக்கல் நசுங்குகிற சத்தம் மட்டும் என்னைச் சுற்றி வந்தது. எழுந்திருக்க மனசு வரவில்லை.

மறுநாள் அரக்கோணத்திலிருந்து திரும்பினோம். வாலாஜாபேட்டை பக்கம் வலப்புறம் ஒடித்தபோது 'கல கல' என்றது. வண்டியை ஓரங்கட்டி, பட்டு வேட்டியோடு சக்கரத்தடியில் தலையை விட்டேன்.

"இன்னாப்பா தேடுற?" என்றாள் மகள், பின்சீட்டிலிருந்து.

"திரும்பறப்ப சத்தம் வந்துச்சும்மா."

அவள் இரண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டினாள். முழங்கை வரை கண்ணாடி வளையல். "இதுவா?" வளைவில் ஜன்னலுக்கு மேலே இருக்கும் பிடியைப் பிடித்திருக்கிறாள்.

"பாய்க்குப் போன் போடுங்க. வளையல் கிழிஞ்சிருக்கான்னு கேப்பாரு" என்றாள் மனைவி.

அந்த டக் டக்குக்குக் காரணம், இடது முன்சக்கரத்து ரப்பர் உறை கிழிந்து மண் உள்ளே போனதுதான். அதைத்தான் சனிக்கிழமையே மாற்றியாயிற்றே. மகள் பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேர்ந்தாள்.