சாயம் போகும் என்று சொன்னவர்

உஜோங் பாசிரில் மகள் வீட்டுக்குப் போன கருப்பையா அண்ணன் திரும்பி வரவில்லை. காலையில் கடைப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடை காதர் பாய் சைக்கிளை விட்டு இறங்கி, "உங்க அண்ணன் போயிட்டாருங்க" என்றார். கழற்றிய பலகைகளை மறுபடி மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? காஜா பெராங்கில் அவரும் நானும் கூட்டாக ஜவுளிக்கடை வைத்திருந்தோம். நல்லவர் என்று ஊரே சொல்கிறது. நல்லவரோடு கூட்டு வைத்துப் பாருங்கள், தெரியும்! சாயத்துணி யார் கேட்டாலும், கேட்டவர் கண்முன்னே ஒரு முனையைக் கிண்ணத்துத் தண்ணீரில் கசக்கிக் காட்டிவிட்டுத்தான் வெட்டுவார். தமிழ் வம்சமானாலும் தமிழ் பேசாத கம்போங் செட்டிப் பெண்களிடம் சாயம் போகும் என்பதை மலாயில், "இனி லுந்தூர், நோன்யா" என்று சொல்லி அனுப்பிவிடுவார். "யாவாரம் பண்ண வந்தோமா, துணி துவைக்க வந்தோமா?" என்று கத்துவேன். "துவைக்கப் போறது அவங்கதானே தம்பி" என்பார்.

மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். ஊரெல்லாம் கொடி தைக்கத் துணி தேடியது. நாங்கள் நம்பி இறக்கிய சிவப்புத் துணியோ கிண்ணத்தில் ரத்தமாய்க் கரைந்தது. அதை விற்றால்தான் கடை நிற்கும் என்ற நிலைமை. பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் வாங்க வந்தபோது அண்ணன் காதில் மெல்லச் சொன்னேன்: "கொடிய யாருண்ணே துவைக்கப் போறாங்க?"

"மழை வருமே தம்பி" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். ஆசிரியர் எதிர்க்கடைக்குப் போனார். அங்கேயும் அதே கிடங்குத் துணிதான். அவர்கள் வாயைத் திறக்கவில்லை.

கொண்டாட்டத்தன்று எங்கள் தெருவில் ஒரு சொட்டு மழை இல்லை. கொடிகள் எல்லாம் பளிச்சென்று பறந்தன. எனக்கு வானத்தின் மேலேயே ஆத்திரம். அவரோ வாசலில் நின்று, "நல்ல வேளை தம்பி, பிள்ளைங்க வெள்ளைச் சட்டை தப்பிச்சது" என்று சிரித்தார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார் அந்த மனுஷன்! பிறகு கடையில் பாதியைக் காதர் பாய்க்கு விட்டுக்கொடுத்தோம். மீதிப் பாதியில் இருவரும் முட்டிக்கொண்டு காலம் தள்ளினோம். அலுத்துப்போனேன் ஐயா.

காரியம் முடிந்து கடையைத் திறந்தேன். ஓர் அம்மா கல்யாணத்துக்கென்று பச்சைத் துணி நிறைய எடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. "சாயம் போகும்மா" என்று குரல் வந்தது. அந்த அம்மா துணியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"கெடுத்தீங்களே அண்ணே!" என்று கோபத்தோடு பக்கத்தில் திரும்பினேன். யாரும் இல்லை. சொன்னது நான்தான். அவர் எனக்கு விட்டுப்போனது இந்த வாய்தான். இனி நான் யாரோடு சண்டை போடுவது?