வில்மா முகர்ந்து பார்த்த ஊறல்

பத்தொன்பது வருஷம் பக்கத்து வீட்டு மெனிஹேர்ட்டுக்கு முகம் சுளிக்காமல் வணக்கம் சொன்னவள் வில்மா. மன்னிக்கத் தெரிந்தவள் என்று ஊரே பேசியது. போதகர்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை உதாரணம் காட்டினார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் வீட்டில் சாராயம் காய்ச்சினால் சிறைதான். ஆனால் எங்கள் சபோல்ச் பக்கம் ஆப்பிள் கொட்டிக் கிடக்கும்போது யார் சும்மா இருப்பார்கள்? வில்மாவின் புருஷன் அம்ப்ருஸ், துணி வெளுக்கும் கொட்டகையில் சின்னதாக ஒரு செப்புக் கொப்பரை வைத்திருந்தான். அதன் சுருள்குழாயைப் பன்றித் தொட்டிக்கு அடியில் புதைத்து வைப்பான். போலீஸ் வந்த அன்று வீட்டில் ஒரு அலமாரியைக்கூடத் திறக்கவில்லை. நேராகப் போய்த் தொட்டியை நகர்த்தினார்கள். அந்த இடம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: அம்ப்ருஸ், வில்மா, அந்தக் குழாயின் ஓட்டையை அடைத்துக் கொடுத்த மெனிஹேர்ட்.

அம்ப்ருஸ் எட்டு மாதம் கழித்துச் சிறையிலிருந்து இருமிக்கொண்டே வந்தான். இரண்டு குளிர்காலம் தாங்கினான். மூன்றாவதைத் தாங்கவில்லை.

வில்மா ஆப்பிள் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனாள். பெட்டியைத் திறக்காமலே, உள்ளே அழுகல் இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அப்படி ஒரு மூக்கு. பிற்பாடு ஊரில் அனுமதியோடு காய்ச்சுகிற கூடம் வந்தது. அவரவர் வீட்டில் ஆப்பிளை நசுக்கி ஊறல் போட்டு அங்கே கொண்டுபோக வேண்டும். பதம் பார்க்க எல்லோரும் அவளைத்தான் கூப்பிட்டோம். மெனிஹேர்ட் மட்டும் கூப்பிட்டதில்லை. ஊரிலேயே நல்ல சரக்கு தன்னுடையதுதான் என்று அவனுக்கு ஒரு மிதப்பு. போதாததற்குத் தேவாலயச் சபை மூப்பர் வேறு.

எழுபத்திரண்டு இலையுதிர்காலத்தில் அவனுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வில்மா அவன் சமையலறைக்குள் போனபோது, அடுப்பில் பால் தீய்ந்து நாறிக்கொண்டிருந்தது. அவன் அடுப்புக்கு முதுகைக் காட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அவள் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு அவனையே பார்த்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாத தங்கச்சி. காய்ச்சலோட மூக்கும் போயிடுச்சு. என் மக மார்கிட்டுக்குப் பிப்ரவரியில கல்யாணம். நாலு பீப்பாய் ஊறல் போட்டிருக்கேன், பதம் பார்க்க எனக்கு வழியில்ல."

"நான் எதுக்கு இருக்கேன்ணே? வாரா வாரம் வந்து பார்க்கிறேன். வெளியில தெரிய வேண்டாம்."

அப்படியே வாரா வாரம் போனாள். முதல் வாரம் ஊறல் நுரைத்து, தேன் வாசனை அடித்தது. மகள் வெளியூரில் வேலையாக இருந்தாள். வீட்டில் வேறு மூக்கு கிடையாது. மூடியில் காற்றுப் புகாமல் வைத்திருந்த தண்ணீரை வில்மா கொட்டினாள். மூடிகளை விரற்கடை அளவு தளர்த்தினாள். சின்ன ஈக்கள் மொய்த்தன. கொட்டகையை நல்ல கதகதப்பாக வைக்கச் சொன்னாள். மூன்றாம் வாரம் ஊறல் வினிகராகத் திரிந்து, காடி நெடி கண்ணைக் கரித்தது. "இன்னும் பத்து நாள் விடுங்கண்ணே, அருமையா வந்துட்டிருக்கு," என்றாள். அவன் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்து, ரொம்பப் புளிக்கிறதே என்றான். இனிப்பெல்லாம் சாராயமாகிவிட்டால் புளிக்காமல் என்ன செய்யும் என்றாள். நம்பினான். கடைசியில் மூடிகளை அவளே இறுக்கி அடைத்துக் கொடுத்தாள்.

டிசம்பரில் கூடத்து வாசலில் அவன் முதல் ஆள், நான் மூன்றாவது, எனக்குப் பின்னால் வில்மா. காய்ச்சுகிற காஷ்பார் முதல் மூடியை நெம்பினதுமே நாங்கள் எல்லோரும் பின்வாங்கினோம். மெனிஹேர்ட் மட்டும் பீப்பாய்மேல் குனிந்து சிரித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, காய்ச்ச வந்தீங்களா, இல்ல வெள்ளரிக்காய் ஊறுகாய் போட வந்தீங்களா?" என்றான் காஷ்பார். மற்ற மூன்றும் அதே கதி. காடியைக் கொப்பரையில் ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டான். வரிசை முழுக்கச் சிரிப்பு.

மெனிஹேர்ட் திரும்பினான். "நல்லா வருதுன்னு நீதானே சொன்ன தங்கச்சி? உனக்குமா நாத்தம் தெரியல?"

"நல்லாவே தெரிஞ்சுது." வில்மா குரலை உயர்த்தவில்லை. "பன்னித் தொட்டிக்கு அடியில குழாய் இருந்தது போலீசுக்கு எப்படித் தெரிஞ்சுது மெனிஹேர்ட்? அவங்க மோந்து பார்த்தா கண்டுபிடிச்சாங்க?"

சிரிப்பு நின்றது. மெனிஹேர்ட் மூடியை எடுத்துப் பீப்பாய்மேல் மறுபடி அழுத்தி வைத்தான்.

"காய்ச்சினதுக்கு முதல்ல என்னைத்தான் பிடிச்சாங்க. ஒரு பேரு சொன்னா விட்டுடறோம்னாங்க. மார்கிட்டுக்கு அப்போ ஒரு வயசு."

"எங்களுக்கு ஒண்ணு பொறக்கவே நேரமில்லாமப் போச்சு," என்றாள் வில்மா. பிறகு தன் பீப்பாயை முன்னால் உருட்டச் சொன்னாள். நான் வழிவிட்டேன்.

நாலு பீப்பாயையும் அவன் குப்பைமேட்டில் கொட்டியதை வேலியோரம் நின்று கடைசிச் சொட்டுவரை பார்த்தாள். கல்யாணத்தில் கடைச் சாராயம்தான் ஊற்றினார்கள். உங்கள் பெயர்போன ஆப்பிள் சரக்கு எங்கே என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்க, யாரோ முழுக் கதையையும் சொல்லிவிட்டார்கள். வசந்தத்தில் சபை மூப்பர் பதவிக்கு அவன் பெயரை ஒருவரும் முன்மொழியவில்லை.

மார்கிட் ஒருநாள் வில்மா வீட்டுக்கு வந்து, என் கல்யாணம் உங்களுக்கு என்ன பாவம் செய்தது என்று கேட்டாளாம். இதை மட்டும் வில்மா என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

இப்போதாவது மனசு ஆறிற்றா என்று கேட்டேன்.

"ஆறல. ஆனா இன்னொரு தடவை செய்யச் சொன்னாலும் செய்வேன்," என்றாள்.