புரொஜெக்டர் பக்கத்தில் ஒரு கை சோறு

தியேட்டரில் இருக்கிற அத்தனை பேரும் நிம்மதியாகக் கொறித்துக்கொண்டிருக்கும்போது, ஒரே ஒருவன் மட்டும் வாயில் கவளத்தோடு எழுந்து ஓடுவான், அவன்தான் படம் ஓட்டுகிற ஆபரேட்டர், அதாவது நான்.

"இப்பத்தான் ரீலே கிடையாதே, எல்லாம் கம்ப்யூட்டர், சும்மாதானே உக்காந்திருக்கே" என்பார்கள். சாப்பாட்டைத் திறக்கிற நேரம் பார்த்துத்தான் சவுண்டு போகும், ஏ.சி. நிற்கும். பஸ் டிரைவர், நர்ஸ், பெட்ரோல் பங்க்கில் நிற்கிறவர் என்று வேலைக்கு நடுவே விழுங்கிப் பழகிய எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

கண்ணாடியில் ஐந்து விரல்

விருதுநகர்க்காரனிடம் எண்ணெய்ப் புரோட்டாவை வைத்துவிட்டு வேலை பார் என்றால் எப்படி? ஒரு மேட்னி ஷோவில் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். சவுண்டு குறைகிற மாதிரி இருக்கவும் எழுந்துபோய், படத்தின் வெளிச்சம் வெளியே போகிற கண்ணாடியில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தேன். சவுண்டு சரியாகத்தான் இருந்தது. அப்புறம் கதாநாயகி முகம் மங்கலாகத் தெரிந்ததைப் பனி என்று நினைத்துக்கொண்டேன்.

இடைவேளையில் காரியாபட்டியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர் படியேறி வந்தார். திட்டப் போகிறார் என்று நின்றேன். அவர் கண்ணாடியைப் பார்த்தார், என் இலையைப் பார்த்தார், தன் கைக்குட்டையை எடுத்துத் தானே பதமாகத் துடைத்துவிட்டார். போகும்போது சொன்னார்: "பசிச்சாத் திங்கத்தானண்ணே வேணும். படம் ஓடயில மட்டும் இட்லியா வாங்கிக்கோங்க."

புஷ்பம் அக்காவின் கணக்கு

எங்கள் கேன்டீன் புஷ்பம் அக்கா உள்ளே வந்து ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. ஆனால் முதல் நாள் முதல் காட்சி இடைவேளை முடிந்ததும், அடுத்த காட்சிக்கு எவ்வளவு பஜ்ஜி மாவு கரைக்கலாம் என்று முடிவு செய்துவிடுவார். நான் பார்த்தவரை தப்பியதே இல்லை. பெரிய நடிகர் படம் ஒன்றுக்கு ஊரே திரண்டிருந்த அன்று, அக்கா பாதி மாவுதான் கரைத்தார். மேனேஜர் சத்தம் போட்டார். மூன்றாம் நாள் பால்கனியில் ஆள் இல்லை. எப்படிக்கா என்று கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நல்ல படம்னா இடைவேளைக்கு லைட்டப் போட்ட பெறகும் ஒரு நிமிசம் எந்திரிக்க மாட்டாக. அன்னைக்கு லைட்டுப் போடுமுன்னயே எங்கிட்ட வந்து நின்னுட்டாகல்ல."

கை மாறி வந்த கேரியர்

தீபாவளி அன்று இந்தப் பக்கம் தியேட்டர் எப்படி இருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டாம். வருஷம் முழுக்க வெடி செய்தவர்கள் அன்றைக்குத்தான் கை ஓய்ந்து படம் பார்க்க வருவார்கள். மதியக் காட்சி. காலையிலிருந்து எனக்குப் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றுமில்லை. என் மனைவி செல்வி கேரியரோடு வாசலில் நிற்கிறாள்; கூட்டத்தில் ஓரடி நகர முடியவில்லை. "ஆபரேட்டருக்குச் சோறு!" என்று கத்தியிருக்கிறாள். ஒருவர் வாங்கினார், தலைக்கு மேலே தூக்கி அடுத்தவரிடம் கொடுத்தார். வாசலிலிருந்து மாடிப்படி வரை கை மாறி மாறி வந்து, என் கதவைத் தட்டியது.

திறந்தால் ரசம் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கேரியர் மூடிமேல் யாரோ தன் வீட்டு அதிரசம் இரண்டைத் தாளில் சுற்றி வைத்திருந்தார்கள். கடைசியாகக் கொண்டுவந்த இளைஞன் சிரித்தான்: "தொறந்து பாக்கலண்ணே. வாசத்த மட்டும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கிட்டோம்."

மாரியம்மாள் மோப்பம்

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். சோறு சூடாக இருக்கட்டும் என்று டிபன் பாக்ஸைத் துண்டில் சுற்றி ஆம்ப்ளிஃபையர் மேலே வைப்பது என் வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஜலதோஷம், மூக்கு அடைப்பு. பால்கனிக் கடைசி வரிசையிலிருந்து ஓர் அம்மா வந்து கதவைத் தட்டினார். ஆமத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிற வேலை, பெயர் மாரியம்மாள் என்று பிறகுதான் தெரியும்.

"அண்ணாச்சி, துணி கருகுது."

"அது கேன்டீன் பஜ்ஜிம்மா."

அவர் நகரவில்லை. என்னைத் தாண்டி விரல் நீட்டினார். துண்டு சரிந்து ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கச் சூட்டில் கிடந்து புகைந்துகொண்டிருந்தது. பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். கையைப் பிடித்துவிட்டார். "கரண்டுல தண்ணிய ஊத்துவீகளா? மெயின அமத்துங்க மொதல்ல!" அமர்த்தினேன். விளக்குமாற்றுக் கட்டையால் துண்டை இழுத்து, மூலையில் இருந்த மணல் வாளிக்குள் அழுத்திவிட்டார். ஒரு சத்தம் இல்லை, ஓட்டம் இல்லை. கீழே இருநூறு பேரும் கரண்ட் கட் என்று நினைத்து விசில் அடித்தார்கள். "தீ" என்று அவர் ஒரு தடவை கத்தியிருந்தால், அந்தக் குறுகிய படியில் என்ன ஆகியிருக்கும்?

பத்து நிமிடத்தில் படம் மறுபடி ஓடியது. கும்பிட்டேன். கருகிய துண்டைக் காட்டி அவர் சொன்னார்: "மருந்து ரூம்புக்குள்ள போகுமுன்ன நாங்க செம்புத் தகட்டத் தொட்டு ஒடம்புல இருக்க கரண்டக்கூட எறக்கிட்டுத்தான் போவோம். நீங்க என்னடான்னா கரண்டு மேலயே சோத்த வச்சிருக்கீக!"

பதினோரு வருஷமாக இந்த அறையில் இருந்தும் ஒரு படத்தின் கதையை முழுசாகச் சொல்ல எனக்குத் தெரியாது, ஆனால் ஒரு வேளைச் சாப்பாட்டை எத்தனை தவணையில் சாப்பிடலாம் என்று கேட்டால் மட்டும் நிறுத்தாமல் பேசுவேன்.