ஆள் உயரத் தொட்டியின் நிழல்

மலையூரான வெள்ளக்கடையில், ஒரு விடுதியின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஆள் உயர மீன்தொட்டி வைத்தார்கள். நீர்மேல் செடிகள் அழகாக மிதந்தன. அடியில் நட்டவை அழுகின. மேனேஜர் புது விளக்கு மாட்டியும் அழுகல் நிற்கவில்லை.

அங்கே தரை துடைக்கும் அமுதவல்லி, முப்பது வருடம் காபி எஸ்டேட்டில் உழைத்தவள். "ஏனுங்க, மேல நெழல் நொம்ப அடசலா இருக்குதுங்க. கழிச்சு உடோணும்," என்றாள்.

"இது தோட்டமில்லம்மா," என்றார் மேனேஜர்.

காபிச் செடிக்கு வெளிச்சம் விழ, வருடாவருடம் மழைக்கு முன் எஸ்டேட்டில் நிழல்மரக் கிளைகளைக் கழிக்கும் அதே வாரம், அவள் ஸ்டூலில் ஏறி மிதந்த செடிகளில் பாதியை அள்ளி எறிந்தாள். கை எட்டாத அடியிலிருந்த அழுகலை, காபிக் கிளை வளைக்கும் கொக்கியால் இழுத்தாள்.

மாதம் முடிவதற்குள் அடியில் தளிர் விட்டது. மேனேஜர் விருந்தினரிடம் புது விளக்கைப் புகழ்ந்தார்.

அமுதவல்லி மாப்பைச் சுவரில் சாய்த்தாள். "அந்த வெளக்குப் பிளக்க, செடி அள்ளுன அன்னிக்கே நான் கழட்டிப் போட்டேனுங்க."