நாத்தோவின் பெயர் போட்ட பக்கம்

எங்கள் படுக்கையறையில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான் படுக்கிறோம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சுவர் முழுக்க யார் யாரோ இருக்கிறார்கள். கட்டிலுக்கு நேர் மேலே எர்லிண்டா. ஜன்னல் பக்கம் 'என் உயிர் நண்பன் பாகோ'. அலமாரிக்கு மேலே தோரிபியோ குடும்பம். அவர்கள் வீட்டு ஞானஸ்நானத்துக்குப் போக முடியாத ஓவியர் ஒருவர் மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்த படம் அது. இதில் ஒருத்தர் முகத்தையும் நாங்கள் பார்த்ததில்லை. உயிரோடு இருக்கிறார்களா, மண்ணுக்குள் போய்விட்டார்களா, அதுவும் தெரியாது. பெண்பிள்ளை உடை மாற்றும் இடம் அது. இத்தனை பேர் பெயரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். பெருக்கும்போது 'கொஞ்சம் தள்ளிக்கோங்க' என்று சொல்லிவிட்டுத்தான் விளக்குமாற்றை நீட்டுவேன். சிரிக்காதீர்கள். அந்த அறையில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

என் பெயர் இசிங், என் வீட்டுக்காரர் பெயர் ஃபோர்த்துனாதோ. எங்கள் ஊர் மலபோன் முழுக்க நாத்தோ என்றால்தான் தெரியும். ஏசி ரிப்பேர் செய்கிறவர். படக்கதைப் பத்திரிகைகளுக்கு ஓவியர்கள் கையால் வரைந்த பக்கங்கள் இருக்கின்றனவே, அச்சுக்குப் போன அந்த அசல் தாள்கள், அவற்றைச் சேர்ப்பது அவருடைய பைத்தியம். அதிலும் எல்லாவற்றையும் சேர்க்க மாட்டார். ஓவியர் யாருக்காவது பெயர் போட்டுக் கொடுத்த பக்கமாக இருக்க வேண்டும். 'இன்னாருக்கு, அன்புடன்' என்று அடியில் எழுதியிருக்க வேண்டும். மற்ற சேகரிப்பாளர்கள் வேண்டாம் என்று ஒதுக்குவது எதுவோ அதை இவர் தேடிப் பிடிப்பார். அடுத்தவன் பெயர் போட்ட தாளை எவன் தன் வீட்டுச் சுவரில் மாட்டுவான்? கூபாவோவில் பழைய படக்கதைக் கடை வைத்திருக்கும் ஜெரிக்கோ இவரைக் கண்டாலே 'அனாதை இல்லத்துக்காரர் வந்தாச்சு' என்பான். சொல்லிவிட்டு, விற்காத பெயர்களை எல்லாம் இவர் தலையில் கட்டுவான்.

கடல் ஏறும் நாளில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அரிசி மூட்டையைத் தூக்கி வைப்பதற்கு முன்னால் இவர் எர்லிண்டாவைத் தூக்கி வைப்பார். அதனால்தான் படங்கள் எல்லாம் கூரையை ஒட்டித் தொங்குகின்றன. அண்ணாந்து பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

இதற்கெல்லாம் காரணம் ஒரே ஒரு பக்கம். கல்யாணமான புதிதில் அந்தக் கதையை எனக்குச் சொன்னார். அதற்குப் பிறகு எத்தனை தடவை சொன்னார் என்பதற்குக் கணக்கே இல்லை.

இவருக்கு ஆறு வயது. இவர்கள் தெருவில் செவேரோ என்று ஒரு ஓவியர் குடியிருந்தார், வாரப் பத்திரிகைக்குப் படக்கதை வரைகிறவர். அந்தக் காலத்தில் பத்திரிகைக்குப் போன பக்கம் ஓவியர் கைக்குத் திரும்பி வராது. மீன் கட்டப் போகும், இல்லாவிட்டால் குப்பைக்குப் போகும். செவேரோ மாமா எப்படியோ கெஞ்சி ஒரே ஒரு பக்கத்தைத் திரும்ப வாங்கி வந்தாராம். வாங்கி வந்து, அடியில் பேனாவால் எழுதி, இவர் கையில் கொடுத்தாராம். மை காய்வதற்குள் இவர் கட்டைவிரலை வைத்துவிட்டார். எழுத்திலிருந்து மேலே படத்துக்குள் கறுப்பாக ஒரு இழுப்பு. கடைசிக் கட்டத்தில் ஒரு பெண் மழையில் வாழைமரத்தடியில் நிற்பாள். அவளுக்கு முகம் வரைந்திருக்காது. அந்த முகமில்லாத பெண்ணின் பாவாடையில் போய் முடிந்ததாம் விரல் இழுப்பு.

அதே மாதம் இவருடைய அண்ணன் அமாடோ டெங்குவில் போய்ச் சேர்ந்தான். பதினொரு வயதுப் பிள்ளை. போன பிள்ளை தன் பொருளைத் தேடி வரக்கூடாது என்று, அவன் தொட்டது, உடுத்தியது எல்லாவற்றையும் என் மாமியார் வாரிப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டார். அதோடு சேர்த்து இவர் தன் பாய்க்கு அடியில் வைத்திருந்த பக்கமும் போய்விட்டது.

"அண்ணன் சாமானைத் தூக்கிப் போட்டாங்க, சரி. என்னோடதை ஏன் போட்டாங்க?" என்பார் இவர்.

இந்தக் கேள்வியை இவர், என் மாமியார் சாகிற வரைக்கும் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார். கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேசையில் கேட்டிருக்கிறார், ஒரு தடவை ஆஸ்பத்திரியில் வைத்துக்கூடக் கேட்டார். மாமியார் பதிலுக்கு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவார். வாயைத் திறந்து 'தெரியாமப் பண்ணிட்டேன்பா' என்று சொன்னால் என்னவாம் என்று எனக்கே எரிச்சலாக இருக்கும். தாயும் பிள்ளையும் கடைசி வரை சரியாக முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

தன் பக்கத்தைத் தேடித்தான் இவர் கடை கடையாக ஏறினார். பெயர் போட்ட பக்கம் இருக்கிறதா என்று கேட்பார். அவர்கள் வேறு யார் யார் பெயரோ போட்டதை எடுத்து நீட்டுவார்கள். தனக்கானது இல்லை என்று பார்த்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதானே? மனசு கேட்காது. "என்னோடதை எவனோ ஒருத்தன் பத்திரமா வச்சிருப்பான் இசிங். நான் இவங்களோடதை வச்சிருக்கேன். அவ்வளவுதான்" என்பார். கல்லறைத் திருநாளுக்கு எங்கள் வீட்டுச் செத்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, சுவருக்கும் பொதுவாக ஒன்று ஏற்றுவேன். யாராவது போயிருந்தால் வாங்கிக்கொள்ளட்டும்.

ஒரே ஒரு தடவை உரியவரைக் கண்டுபிடித்தோம். 'மிலாக்ரோஸுக்கு, கோபம் வேண்டாம்' என்று ஒரு பக்கம். பசிக் என்ற ஊரில் அந்த அம்மாளின் வீட்டை விசாரித்துப் போய் நின்றோம். ரப்பர் செருப்போடு வந்து கதவைத் திறந்தார், தலை முழுக்க நரை. தாளை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "எனக்கு இன்னும் கோபம் போகலை" என்று சொல்லி, தாளை இவர் கையிலேயே கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பும் வழியில் ஜீப்னி வண்டியில் நான் சிரித்த சிரிப்புக்கு இவர் என்னை முறைத்தார். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை மாட்டிய பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை வருஷமும் போகாத ஒரு கோபத்தை நம் வீட்டில் மாட்டியிருக்கிறோமே என்று அதை நிமிர்ந்து பார்க்காமலே பெருக்கினேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவருக்குக் கண் போக ஆரம்பித்தது. கண்ணுக்குள் அழுத்தமாம். போன பார்வை திரும்பாது, இருப்பதும் எத்தனை நாளைக்கோ என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் தெரிந்தது, அதுவும் புகைமூட்டமாக. முதலில் வேலை நின்றது. பிறகு மோட்டார் சைக்கிளில் ஏறவிடாமல் நான் சாவியை ஒளித்து வைத்தேன். இவர் எதற்கும் அலட்டிக்கொள்ளவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "முழுசா இருட்டறதுக்குள்ள என் பேரை ஒரு தடவை பார்த்துடணும்." அன்றிலிருந்து வாரம் தவறாமல் என்னை இழுத்துக்கொண்டு கூபாவோவுக்குப் போவார். தாளில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நான் பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு திட்டியபடி நிற்பேன். திட்டினேனே தவிர, கிடைத்துவிட வேண்டும் என்று எனக்கும் அடித்துக்கொண்டது.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. ஜெரிக்கோ புதிதாக வந்த கட்டைப் பிரித்து வைத்திருந்தான். யாரோ பெரிய சேகரிப்பாளர் செத்துப்போய், பிள்ளைகள் மொத்தமாகத் தள்ளிவிட்டது. இவர் வழக்கம்போலக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. மயக்கமோ என்று நான் தோளைத் தொட்டேன். விரலால் தாளின் ஒரு மூலையைத் தடவிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். மழை, வாழைமரம், முகமில்லாத பெண். பாவாடையில் கறுப்பாக ஒரு இழுப்பு, சின்னக் கட்டைவிரல் அகலத்துக்கு.

அடியில் பெயர் இல்லை. வெறும் வெள்ளை.

ஜெரிக்கோ பெருமையாகவே சொன்னான். "அங்கிள், இதுல பேர் எல்லாம் கிடையாது. பேர் இருந்தா விலை பாதியாயிடும்னு வெள்ளைச் சாயம் பூசிச் சுத்தமா மூடச் சொல்லிட்டேன். இழுப்பை மட்டும் மழை நிழல்னு நினைச்சு விட்டுட்டான் பையன்."

"அது என் பேருடா" என்றார் இவர்.

அவன் முகம் செத்துப்போய்விட்டது. என்ன பெயர் இருந்தது என்று தனக்குத் தெரியவே தெரியாது, பழைய தாளைச் சரிசெய்கிற பையனுக்குக் கட்டோடு அனுப்பிவிட்டதாகச் சத்தியம் செய்தான். இத்தனை வருஷம் இந்த மனுஷனை அனாதை இல்லம் என்று கிண்டல் செய்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான். கடைசியில் விலைக்குப் பதிலாக எங்கள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்தைக் கொடுத்தான். வீடு வரும்வரை இவர் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, பூண்டுச் சோறும் கருவாடும் வைத்தேன், தொடவில்லை. ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டுப் பக்கத்தை விரித்தார். "உன் கண்ணு நல்லா இருக்கு. நீ துடை" என்றார். பழைய ஓவியர்களின் கறுப்பு மை தண்ணீருக்கு அசையாது, மேலே பூசிய வெள்ளை மட்டும் கரையும் என்று பஞ்சைக் கையில் கொடுத்து விளக்கினார். நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். வெள்ளை பால் மாதிரி கரைந்து வந்தது. இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னப் பிள்ளை பலகாரத்துக்குக் காத்திருக்கிற மாதிரி அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

எழுத்து வந்துவிட்டது, இவர் கண்ணுக்குப் பிடிபடாத அளவுக்கு மங்கலாக.

"படி" என்றார்.

நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். இவர் கண்ணுக்குத்தான் தெரியாதே, 'நாத்தோவுக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். என் வாய் அப்படிப்பட்ட வாய் இல்லை. கண் பார்த்ததை வாய் சொல்லிவிட்டது.

"அமாடோவுக்கு. காய்ச்சல் விட்டு சீக்கிரம் எழுந்து வா. இப்படிக்கு, செவேரோ மாமா."

வெளியே ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். இவர் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது, எடுக்க மறந்த மாதிரி. மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு தாளின் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலப் பேசினார்.

"அண்ணனுக்குக் காய்ச்சல். மாமா என்கிட்ட குடுத்து விட்டார். அவன்கிட்ட குடுடான்னு சொன்னார். எனக்கு அப்போ படிக்கத் தெரியாது இசிங்." தாளிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அம்மாவுக்குத் தெரியும். அம்மா அவன் சாமானைத்தான் போட்டிருக்காங்க. ஏன் ஒரு வார்த்தை சொல்லலை என்கிட்ட?" என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது உன்னுடையது இல்லை என்று சொன்னால், அப்படியென்றால் அது ஏன் உன் பாய்க்கு அடியில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டி வரும். சாகப்போகிற அண்ணனுக்கு வந்ததை ஆறு வயதுப் பிள்ளை ஆசைப்பட்டு ஒளித்து வைத்துக்கொண்டது என்று எந்தத் தாய் சொல்வாள்? அதற்குப் பதிலாகப் பாத்திரம் கழுவினாள் அந்த மகராசி. நான் அவளை எத்தனை தடவை மனசுக்குள் ஏசியிருப்பேன்.

"நான் அவன்கிட்ட குடுத்தேனா இசிங்?" என்றார் இவர்.

இந்தத் தடவை பொய் முந்திக்கொண்டு வந்தது. "குடுத்திருப்பே. குடுத்துட்டு, அவன் பார்த்த பின்னாடி வாங்கி வச்சிருப்பே."

நம்பினாரா என்று தெரியவில்லை. பக்கத்தை எர்லிண்டாவுக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். அதற்குப் பிறகு கூபாவோவுக்குப் போகவே இல்லை. ஜெரிக்கோ இரண்டு தடவை ஆள் அனுப்பினான். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். பார்வை இப்போது வெளிச்சமும் இருட்டும் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. நாள் முழுக்க அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நடுநடுவே அதையே கேட்கிறார். குடுத்தேனா என்பார், குடுத்தே என்பேன். அவன் பார்த்தானா என்பார், நல்லா பார்த்தான் என்பேன். அடுப்படியிலிருந்தே, வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்லப் பழகிவிட்டேன்.

நேற்றுப் புதிதாக ஒன்று கேட்டார்.

"பார்த்துட்டு அண்ணன் என்ன சொன்னான்?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். இவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி, பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.