சுமை ஏற்றிப் பார்த்தவர்

சூசை அண்ணை இறந்த செய்தி எனக்கு ஐந்து நாள் பிந்தித்தான் கிடைத்தது. துணுக்காயிலிருந்து வவுனியாவுக்கு வைத்தியத்துக்கு வந்த ஒருவர், சாரதி ராமையா எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். "சூசை அண்ணன் ஞாயித்துக்கிழமை போயிட்டாருங்க. நெஞ்சு வலி. பெட்டிய நம்ம வான்லதான் கொண்டுபோனோம். நான்தான் ஓட்டுனேன்" என்று எழுதியிருந்தார். அடக்கம் முடிந்துவிட்டது. இனி இராணுவத்திடம் பயண அனுமதிப் பாஸ் எடுத்துப் போயும் பயனில்லை. அவரோடு துணுக்காய் வாகனக் கொட்டிலில் வேலை செய்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அவர் கொக்கிளாய்க்காரர். இருபது வருடம் வள்ளத்து எஞ்சினோடு கடலில் வாழ்ந்தவர். இடம்பெயர்ந்து துணுக்காய்க்கு வந்தபின் கடலும் இல்லை, வள்ளமும் இல்லை. நிவாரண அலுவலகத்தின் வாகனங்களைத் திருத்தும் கொட்டிலில் எனக்கு உதவியாளராகச் சேர்ந்தார். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் சான்றிதழ் எடுத்தவன். அதை அடிக்கடி சொல்லிக்கொள்பவனும்கூட.

எங்கள் வானில் டேர்போ இருந்தது. முதல்நாள் முன்சீற்றைத் தூக்கி அதைக் காட்டினேன். "இதென்ன தம்பி, சங்கைக் கொண்டுவந்து பூட்டியிருக்கிறாங்கள்?" என்றார். வெளியேறும் புகை ஒரு சில்லைச் சுற்ற, அதோடு சுற்றும் இன்னொரு சில்லு எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அடைக்கும் என்று ஒரு வகுப்பே எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப, போற காத்து வாற காத்தைத் தள்ளிவிடுது. அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான்.

ஒரு மாரியில் அந்த வான் இழுக்க மறுத்தது. வெறுமனே ஓடினால் ஒரு குறையும் இல்லை. ஆட்களை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினால் சூ என்று ஒரு சத்தம், பின்னால் கரும்புகை, எவ்வளவு மிதித்தாலும் நடை வேகம். பாம்பு கடித்த ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது குளக்கட்டு ஏற்றத்தில் நின்றே விட்டது. நல்லகாலம், பின்னால் ஓர் உழவு இயந்திரம் வந்தது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார்.

நான் வானைக் கொட்டிலில் நிறுத்தி எஞ்சினை முறுக்கிப் பார்த்தேன். சத்தமும் இல்லை, புகையும் இல்லை. டீசல் அளந்து அளந்து வந்த காலம் அது. சாரதிகள் டீசலை எடுத்து விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலப்பது அங்கங்கே நடந்ததுதான். 'எண்ணெயில் கலப்படம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். நிர்வாகி அன்றே ராமையாவிடமிருந்து சாவியை வாங்கிவிட்டார். ராமையா மலையகத்திலிருந்து வந்து குடியேறிய மனிதர், நான்கு பிள்ளைகள். "சாமி சத்தியமா நான் கலக்கலைங்க" என்றார். யாரும் நம்பவில்லை.

சூசை அண்ணை புகைக்குழாயில் மூக்கை வைத்துப் பார்த்தார். "தம்பி, என்ர வள்ளம் இருவது வருசம் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. அந்த மணம் எனக்குத் தெரியாதே? இதில அது இல்லை." நான் என் சான்றிதழை நினைவூட்டினேன். அவர் கோபப்படவில்லை. "கரையில வைச்சுப் பாத்தால் எல்லா எஞ்சினும் நல்ல எஞ்சின்தான். வலையையும் ஆக்களையும் ஏத்தி ஓடிப் பாக்கவேணும்" என்றார்.

மறுநாள் காலை மருந்துக்கு வரிசையில் நின்றவர்களில் பதினொரு பேரைக் கெஞ்சி ஏற்றினார். "உங்கட இடம் போகாது, திருப்பிக் கொண்டுவந்து விடுறன்" என்று சத்தியம் வேறு. நிர்வாகியும் ஏறிக்கொண்டார். நான் ஓட்டினேன். சூசை அண்ணை இடப்பக்கச் சீற்றைக் கழற்றிவிட்டு எஞ்சினுக்கு மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். குளக்கட்டில் ஏறியதும் சூ என்றது. பின்னால் இருந்தவர்கள் மாதாவையும் பிள்ளையாரையும் ஒன்றாகக் கூப்பிட்டார்கள்.

"நிப்பாட்டுங்கோ!" என்று சூசை அண்ணை எழும்பினார். முகமெல்லாம் எண்ணெயும் தூசியும். டேர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. அதன்மேல் சைக்கிள் ரியூப் சுற்றிக் கட்டியிருந்தது. வெறும் வானில் அது தாங்கும். சுமை ஏறிக் காற்று அமுங்கும்போது ரியூப் ஊதிக்கொள்ளும், காற்றெல்லாம் வெடிப்பு வழியே போய்விடும்.

"ஆர் கட்டினது?" என்று நிர்வாகி கேட்டார்.

சூசை அண்ணை கைகளை மண்ணில் தேய்த்தபடி, "காத்து வெளியால போகுது ஐயா. ராமையாவில பிழை இல்லை" என்று மட்டும் சொன்னார்.

கட்டியது நான். புதுக் குழாய் வவுனியா தாண்டி வராததால், சூசை அண்ணை காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாளில் கட்டினேன். கலப்படம் என்று எழுதியபோது அதை மறந்திருந்தேன். நிர்வாகி கேட்டபோது மறந்திருக்கவில்லை.

பின்னேரம் சூசை அண்ணை அந்த ரியூப் துண்டை என் கையில் தந்தார். "இது என்ர முடிச்சில்லை. பிழையைக் கண்டுபிடிக்கிறது என்ர வேலை, தம்பி. சொல்லுறது உங்கட வேலை."

நான் சொல்லவில்லை. ராமையாவுக்குச் சாவி திரும்பக் கிடைத்தது. ஆனால் நான் கையெழுத்து வைத்த காகிதத்தை யாரும் கிழிக்கவில்லை. 'மண்ணெண்ணெய் ராமையா' என்ற பட்டமும் அவரை விட்டுப் போகவில்லை. அதன்பின் நாலு வருடம் சூசை அண்ணையும் நானும் சேர்ந்து வேலை செய்தோம். அவர் ஒருநாளும் அந்தக் கதையை எடுக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கமும் பழகிப்போனது.

ராமையாவின் கடிதம் இப்படி முடிகிறது: "அந்த டியூப கட்டுனது யாருன்னு போன மாசங்கூட கேட்டேன். சிரிச்சாரு, சொல்லல. உங்களுக்குத் தெரியுங்களா சார்?"

அந்த ரியூப் துண்டு இன்னும் என் ஸ்பானர் பெட்டியில் கிடக்கிறது. சூசை அண்ணையிடமிருந்து எனக்கென்று இருப்பது அதுவும், அவர் என்னிடம் விட்டுவிட்டுப் போன அந்த ஒரு வேலையும்தான்.

ராமையா, கட்டியது நான்.